கத்துகிற ஆப்பு

டிகிரி அக்காவின் அறைக்கு ஒரே ஒரு கதவு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதிலும் நாலு திருகாணிக்கு இரண்டுதான் மிச்சம். மாடிக்கு வர பதினான்கு படி. அந்தப் பதினான்கையும் அவள் காதாலேயே எண்ணுவாள். கீழ்வீட்டு அம்மா துணி காயப்போட வந்தால் ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவார். தண்ணீர் கேன் போடுகிறவர் படிக்குப் படி கேனைத் தொம்மென்று வைத்து ஏறுவார். இந்த இரண்டும் இல்லாத காலடி கேட்டால், அவள் கையில் இருக்கிற வேலை அந்தரத்தில் நின்றுவிடும்.

வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக மேஜையை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போடுவாள். ஒருநாள் கீழ்வீட்டு அம்மா வழிமறித்தார்.

"தினமும் சாயங்காலம் எதையோ இழுக்கறியே, மாடியிலயே வீடு மாத்தறியா?"

"இல்லம்மா, கூட்டறேன்."

"கூட்டற சத்தமா அது? எனக்கு மேல கூரை நகருது."

அன்றிலிருந்து மேஜைக் காலுக்குப் பழைய துணியைச் சுற்றினாள். சத்தம் குறைந்தது. ஆனால் துணி சுற்றிய மேஜை வழுக்கியது, ஒரு கையால் தள்ளினாலே நகர்ந்தது. அவனுக்கு இரண்டு கை.

அவன் என்றால் அவளுடைய வீட்டுக்காரன். விட்டு வந்து இரண்டு வருடம் ஆயிற்று. வரும்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு மாற்றுத்துணியும், கண்ணாடி லென்ஸ் தொழிலில் அவள் வாங்கிய டிப்ளமோ சான்றிதழும் இருந்தன. அவள் குடும்பத்தில் யார் பேரும் அதற்கு முன் அச்சில் ஏறியதில்லை. அவன் எத்தனையோ பொருளை உடைத்தவன், அந்தச் சான்றிதழில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அது அரிசி டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது. இப்போது அதோடு இன்னொரு காகிதமும் சேர்ந்திருந்தது: அவன் அவளை நெருங்கக்கூடாது, எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக்கூடாது என்கிற நீதிமன்ற உத்தரவு. முத்திரையெல்லாம் பலமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, காகிதம் கதவைப் பிடித்துக்கொள்ளாதே.

முதலில் அவள் போனது வேறொரு ஊர். அங்கே புது நம்பர் வாங்கி, தங்கைக்கு மட்டும் கொடுத்தாள். கையில் துணி இல்லாததால் ஒரு ஷாப்பிங் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு இரண்டு பெட்ஷீட்டும் ஒரு தலையணையும் வாங்கினாள். அந்த ஆப்புக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புதிதாக யாராவது சேர்ந்தால், அவர் நம்பரைப் போனில் வைத்திருக்கிற எல்லோருக்கும் 'உங்களுக்குத் தெரிந்தவர் வந்திருக்கிறார், அவர் என்ன வாங்கினார் பாருங்கள்' என்று தண்டோரா போடும், ஊர் பேரையும் சேர்த்து. தங்கை போனுக்கு வந்த தண்டோராவை அவன் படித்தான். ஒன்பதாம் நாள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி அவளுக்கு இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கும்.

"தலையணை ஒண்ணுதான் வாங்கினியா?"

அன்றைக்கு விழுந்த அடியில் இடது காதுக்குள் ஒரு ரீங்காரம் குடிவந்தது. இன்னும் காலி செய்யவில்லை. போன் பேசினால் வலது காதில்தான் வைப்பாள்.

பிறகுதான் இந்த ஊர், இந்தக் கண்ணாடிக் கடை. பின்னறையில் வைரத்தூள் பதித்த தேய்ப்புச் சக்கரம் சுற்ற, தண்ணீர் சொட்டச் சொட்ட, வட்ட லென்ஸை பிரேம் என்கிற கண்ணாடிச் சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்ப்பது அவள் வேலை. கண்ணாடி பவரில் ஆக்சிஸ் என்று ஒன்று உண்டு. லென்ஸ் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதை டிகிரிக் கணக்கில் சொல்லும், ஒன்றிலிருந்து நூற்றெண்பது வரை. அவள் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றியே சாய்வைச் சொல்லிவிடுவாள். கடையில் டிப்ளமோ படித்தவளும் அவள் ஒருத்திதான். இரண்டும் சேர்ந்து டிகிரி அக்கா என்று பேர் நிலைத்தது. உண்மைப் பேர் பின்னுக்குப் போனதில் அவளுக்கு வருத்தமில்லை.

முன்னால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் கிளி. வந்த புதிதில் லென்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு டிரைவருடைய பவரை ஞாபகத்திலிருந்தே சொன்னாள். பவர் எழுதிய கார்டில் இருந்த ஆக்சிஸ் நூற்றெட்டு. இவள் வாயிலிருந்து போனது நூத்தெண்பது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன டிரைவர் அரை மணியில் திரும்பி வந்தார். "ரோடு ஒரு பக்கமா சாயுதும்மா. நானும் சாஞ்சுதான் ஓட்டணுமா?" என்றார். அன்றைக்கு டிகிரி அக்கா, அதிகம் பேசாதவள், நிறுத்தி நிதானமாக ஒன்று சொன்னாள்.

"ஞாபகத்துல இருந்து எதையும் சொல்லாத. எழுதினதைப் பார்த்துச் சொல்லு. சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

அதிலிருந்து அந்தப் பெண் எதையும் எழுதினதைப் பார்த்துத்தான் சொல்வாள், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். டீக்கடைக்காரரிடம் கூட, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம, சரியா?" என்பாள். கிளி என்ற பேர் அப்படி வந்ததுதான்.

ஆனால் இந்தக் கிளிக்கு டிகிரி அக்காவின் கதை தெரியாது. 'வீட்டுக்காரர் வெளியூர்' என்பதோடு அக்கா முடித்திருந்தாள். ஒரு தடவை அக்கா காய்ச்சலில் கிடந்தபோது கிளி மாடி அறைக்கு மாத்திரை வாங்கி வந்தாள், அவ்வளவுதான் நெருக்கம். விஷயம் தெரிந்தவர் ஒவ்வொருவரும் இன்னொரு கதவு என்று டிகிரி அக்கா கணக்குப் போட்டிருந்தாள். ஒரு கதவைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஆப்பு வந்தது.

வேலை நிமித்தமாக ஊர் ஊராகப் போகிற ஒரு வாடிக்கையாளர் அம்மா, கைப்பையில் பழைய கண்ணாடியைத் தேடும்போது கவுண்டர் மேல் ஏதோ விழுந்தது. முக்கோண வடிவில், கறுப்பாக, உள்ளங்கை அளவு.

"இது என்னங்க?" என்றாள் டிகிரி அக்கா.

"கதவுக்கு அடியில செருகற ஆப்பு. லாட்ஜ்ல தனியாப் படுக்கறப்ப செருகிடுவேன். யாராவது கதவைத் தள்ளினா, கதவும் திறக்காது, இதுவும் கத்த ஆரம்பிச்சிடும். தெருவே எழுந்து வந்துடும்."

"எங்க வாங்கினீங்க?"

"கடையில தேடாதீங்க, கிடைக்காது. ஆப்புலதான்."

"ஆப்புல ஆப்பு," என்று கிளி திருப்பிச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

டிகிரி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கறுப்பு முக்கோணம் அவள் கதவுக்கு அடியில் இருப்பது போலவே மனசுக்குள் செருகிக்கொண்டது. இழுக்க வேண்டாம், சத்தம் வேண்டாம், அவன் தள்ளினால் மட்டும் சத்தம்.

அந்த அம்மா சொன்ன ஷாப்பிங் ஆப்பைப் போனில் இறக்கினாள். பழைய ஆப் இல்லை, வேறொன்று. முதல் பக்கமே கேட்டது: மொபைல் நம்பர். அவள் விரல் நின்றுவிட்டது. பேர் வேறாக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதானே. அவனைத் தடுக்க ஒரு பொருள் வாங்கப் போய், அவனை வரவழைக்கிற காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

இன்னொரு சிம் வாங்கலாம் என்றால் அடையாள அட்டை, வீட்டு முகவரி, புகைப்படம். இணையத்தில் தேடினால் 'உங்கள் நம்பர் இல்லாமல் சரிபார்க்க இலவச நம்பர்' என்று ஒரு பக்கம் வந்தது. திறந்தாள். யாருடையதோ ஒரு நம்பர், அதற்கு வருகிற குறுஞ்செய்தியெல்லாம் உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவரின் வங்கி எண், யாரோ ஒருவரின் காதல் தளம். மூடி இல்லாத தபால் பெட்டி. தன் ஆர்டரும் முகவரியும் இந்தப் பெட்டியில் விழுந்தால்? பாம்பைத் தொட்டவள் போலப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கிளியிடம் கேட்டால் அவளே வாங்கித் தந்திருப்பாள். ஆனால் 'எதுக்குக்கா?' என்று கேட்பாள். கதவு கூடிவிடும்.

மூன்றாம் நாள் மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம், கவுண்டரில் இருந்த தரைவழிப் போன் கண்ணில் பட்டது. வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கிற சாம்பல் நிறப் போன். அது யாருடைய சட்டைப் பையிலும் இல்லை, யார் பேரிலும் இல்லை, கடை பேரில்தான் இருந்தது. நம்பரைப் போட்டாள். 'இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப இயலாது. அழைப்பு மூலம் பெறவும்' என்றது ஆப். பேர் கேட்ட இடத்தில் 'டிகிரி' என்று அடித்தாள். முகவரி கேட்ட இடத்தில் கடை முகவரி. 'உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?' என்று நான்கு தடவை கேட்டது. நான்கு தடவையும் மறுத்தாள்.

போன் அலறியது. கிளிக்கு முந்தி இவள் எடுத்தாள்.

"உங்கள் சரிபார்ப்பு எண், நான்கு, ஏழு, ஒன்று..." என்றது இயந்திரக் குரல்.

"நாலு, ஏழு, ஒண்ணு," என்று டிகிரி அக்கா பழக்க தோஷத்தில் உரக்கத் திருப்பிச் சொன்னாள். "சைபர், எட்டு, எட்டு. சரியா?"

இயந்திரம் சரி என்று சொல்லவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கிளி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"யாருக்குக்கா பவர் நாலே முக்கால்? கண்ணா அது, பூதக்கண்ணாடியா?"

"ஒண்ணுமில்ல. ஒரு சாமான் வாங்கினேன். பார்சல் வரும், வாங்கி வை."

"பார்சல் வரும், வாங்கி வைக்கணும்," என்றாள் கிளி.

ஆர்டர் பதிவாயிற்று. இரண்டு நாளில் வரும். அன்று சாயங்காலம், ரொம்ப நாளைக்குப் பிறகு, படிகளை எண்ணாமல் ஏறினாள்.

மறுநாள் காலையில் கிளி வர தாமதம். கடையில் இவள் தனி. போன் அடித்தது.

"வணக்கம், கண்ணாடிக் கடை, சொல்லுங்க."

பதில் இல்லை. யாரோ கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. தூரத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. பிறகு துண்டிப்பு.

போன் பக்கத்தில் இருந்த, கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. கிளி வந்ததும் கேட்டாள்.

"பெட்டியில ஏன் நம்பரே வரல?"

"பேட்டரியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துல போட்டுட்டேன்கா. கடிகாரம் நின்னா முதலாளி என்னைத் திட்டறார். இந்தப் பெட்டியை யாரு பார்க்கறா?"

"புதுசு வாங்கிப் போடு. இப்பவே."

அவள் குரலில் இருந்தது என்னவென்று கிளிக்குப் புரியவில்லை, ஆனால் ஓடிப்போய் வாங்கி வந்து போட்டாள். டிகிரி அக்கா பின்னறைக்குப் போய்ச் சக்கரத்தைச் சுழலவிட்டாள். யாரோ ஒரு தாயாக இருக்கும், குழந்தை அழுததும் வைத்திருப்பாள், குழந்தைக்குக் கண்ணாடி கேட்கக் கூப்பிட்டிருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கைக்குழந்தைக்கு யாராவது கண்ணாடி போடுவார்களா என்று கேட்ட மனசின் வாயை அடைத்தாள். அன்றைக்கு ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டாள். அப்படி நடந்து வருஷமாகியிருந்தது.

அதற்கு மறுநாள். முதலாளி சொன்ன வேலையாகக் கண்ணாடிச் சட்டங்கள் வாங்கிவர வெளியே போனவள், பன்னிரண்டு மணிக்குத் திரும்பினாள். கிளி கார்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, உங்க பார்சல்காரர் பதினொரு மணிக்குப் போன் பண்ணினார். வீட்டு அட்ரஸ் கேட்டார். சொல்லிட்டேன்."

டிகிரி அக்கா கையிலிருந்த சட்டப் பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"வீட்டு அட்ரஸ் எதுக்கு? கடை அட்ரஸ்தானே கொடுத்தேன்."

"தெரியல. உங்க முழுப் பேரையும் சொல்லி, அவங்க வீட்டு அட்ரஸ் வேணும், பார்சல் வந்திருக்குன்னார். ரொம்ப மரியாதையாப் பேசினாருக்கா, 'தங்கச்சி தங்கச்சி'ன்னு."

"முழுப் பேரா?"

"ஆமா. எனக்கே ஒரு நிமிஷம் யாருன்னு தெரியல. அப்புறம்தான், ஓ, நம்ம டிகிரி அக்கான்னு..."

வாசலில் வண்டி நின்றது. முதுகில் பெரிய பையோடு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"பார்சல். டிகிரின்னு போட்டிருக்கு. அது ஆளா, படிப்பா?"

கிளி சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நீங்கதானே காலையில போன் பண்ணினீங்க?" என்று கிளியே கேட்டாள்.

"நானா? கடை வாசல்ல வந்து குடுக்கறதுக்கு நான் ஏம்மா போன் பண்றேன்? ஒரு கையெழுத்துப் போடுங்க, இன்னும் முப்பது வீடு இருக்கு."

கையெழுத்தைக் கிளிதான் போட்டாள். வண்டி போயிற்று. பெட்டி கவுண்டர் மேல் இருந்தது. இரண்டு நாளாக அவள் காத்திருந்த பொருள் ஒரு முழம் தூரத்தில் இருந்தது, கை அதன் பக்கமே போகவில்லை. இடது காதின் ரீங்காரம் கடை முழுக்கக் கேட்பது போல இருந்தது.

நம்பர் காட்டும் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பதினொரு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்த அழைப்பு. அந்தப் பத்து இலக்கத்தையும் அவள் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. அவள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே நம்பர் அது.

தங்கையின் நம்பர்.

ஆறு மாதம் முன்னால், தங்கைக்குக் குழந்தை பிறந்த அன்று, பொறுக்கமாட்டாமல் இந்தச் சாம்பல் போனிலிருந்து ஒரே ஒரு தடவை பேசியிருந்தாள். குழந்தை வீறிட்டதை வலது காதில் கேட்டாள். 'பேசினதும் நம்பரை அழிச்சிடு' என்று சொல்லித்தான் வைத்தாள். இப்போது அதே போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அக்கா? நீ நல்லா இருக்கியா?" தங்கையின் குரல் தாழ்ந்திருந்தது. "நேத்தே மாமா வந்தாரு, குழந்தையைப் பார்க்கணும்னு. நான் குளிப்பாட்டப் போனப்ப போனை எடுத்திருக்காரு போல."

"அந்த நம்பரை அழிக்கச் சொன்னேனே."

தங்கை அழுதாள். "மனசு வரலக்கா. குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை எங்க தேடுவேன்? 'அக்கா கடை'ன்னு போட்டு வச்சிருந்தேன். முந்தாநாள் ஷாப்பிங் ஆப்புல ஒண்ணு வந்துச்சு, 'அக்கா கடை இப்போது இங்கே இருக்கிறார், வரவேற்பு சொல்லுங்கள்'னு. எனக்கு ஒண்ணும் புரியல, அப்படியே விட்டுட்டேன்."

"அவன் இப்ப எங்க?"

"பதினொண்ணரை பஸ்சுக்குப் போயிட்டாரு. சிரிச்சுக்கிட்டே போனாரு."

ஆறு மணி நேரப் பயணம். ஐந்தரைக்கு வந்துவிடுவான்.

தன் போனில் நான்கு தடவை மறுத்தாளே தவிர, தங்கை எப்போதோ தன் போனில் சம்மதித்திருந்தாள். இவள் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்க, அங்கே ஜன்னல் திறந்து கிடந்தது. நேற்று வந்த ஊமை அழைப்பில் அழுத குழந்தை யாருடையது என்று இப்போது தெரிந்தது. அவள் 'வணக்கம்' என்றதை அவன் காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறான். அவள் குரல் அவனுக்குத் தெரியாதா?

ரிசீவரை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிளி தண்ணீர் கொண்டுவந்து கையில் வைத்து, அவள் விரல்களை டம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டாள்.

"யாருக்கா அது?"

அப்போதுதான் சொன்னாள். அரிசி டப்பா, தலையணை, காது, துணி சுற்றிய மேஜை எல்லாவற்றையும், பவர் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். கிளி வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் திருப்பிச் சொல்லவில்லை. கடைசியில் அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான்தானேக்கா சொல்லிட்டேன். என் வாயாலயே சொல்லிட்டேன்."

"நான் உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீ சொல்லியிருக்க மாட்ட." டிகிரி அக்கா எழுந்தாள். பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ், அதற்கடுத்த ஊர். இந்தத் தடவை கடைக்குச் சொல்லாமல் போக வேண்டும். பின்னறைச் சக்கரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "மாடி அறைன்னு சொன்னியா? தெரு பேரும் சொன்னியா?"

கிளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாடி அறையா? இல்லையே. எனக்கு உங்க அறைக்கு வரத் தெரியும், தெரு பேர், கதவு எண் எல்லாம் எங்க தெரியும்? ஞாபகத்துல இருந்து எதையும் சொல்லக்கூடாதில்ல. ஆள் விவர நோட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்."

"நோட்டையா?"

கிளி இழுப்பறையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்த அன்று டிகிரி அக்கா தன் கையால் எழுதியது: பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் விடுதியின் முகவரி. இரண்டே வாரம் தங்கிய இடம். காலி செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாற்றி எழுதச் சொல்லி முதலாளி இரண்டு தடவை கேட்டும், எழுத்தில் எங்கேயும் இருக்க வேண்டாம் என்று அவள் மாற்றவில்லை.

"திருப்பிச் சொல்லச் சொன்னியா?"

"சொல்லாம? கதவு எண், தெரு, பஸ் நிலையம் பின்புறம், எல்லாத்தையும் சொன்னார். சரியாத்தான் எழுதியிருக்கார்."

டிகிரி அக்கா அந்த விடுதி முகவரியை இன்னொரு தடவை படித்தாள். பயம் போய்விடவில்லை, ஒரு அடி தள்ளி நின்றது, அவ்வளவுதான். அவன் இந்த ஊருக்கு வருகிறான். ஆனால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவன் எங்கே எப்போது நிற்பான் என்று இவளுக்குத் தெரியும். இவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

அறையில் அரிசி டப்பாவிலிருந்த உத்தரவை எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். கடையைப் பூட்டியதை முதலாளிக்குக் கிளியே போனில் சொன்னாள், காரணத்தை இரண்டு தடவை. பெண் எஸ்.ஐ. நீதிமன்றக் காகிதத்தைப் புரட்டிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வந்தாரா?"

"வரல மேடம். அஞ்சரைக்கு வருவார்."

எஸ்.ஐ. பேனாவை வைத்தார். "அஞ்சரைக்கு வருவாரா? ஜோசியம் பார்த்தீங்களா?"

கிளி நோட்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். எழுதினதைப் பார்த்து, அழைப்பு வந்த நேரம், நம்பர், அவன் சொன்னது, தான் சொன்னது, பஸ் கிளம்பிய நேரம் என்று வரி வரியாகச் சொன்னாள். எஸ்.ஐ. எழுத எழுத, "திருப்பிச் சொல்லுங்க மேடம்," என்றாள். எஸ்.ஐ. அவளை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு திருப்பியும் சொன்னார்.

கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த மாலை எத்தனை நீளம் என்று சுவர்க் கடிகாரத்துக்குத்தான் தெரியும். ஷட்டருக்கு அடியில் தெருவில் நடக்கிற கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பு, பூட்ஸ், செருப்பு. ஒவ்வொரு ஜோடிக் காலையும் டிகிரி அக்கா பார்த்தாள். ஒரு ஜோடி ஷட்டருக்கு நேராக வந்து நின்றது. அவள் மூச்சும் நின்றது. யாரோ சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு நடந்தார். ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. பஸ் நிலையத்திலிருந்து நேராக இங்கே வந்துவிட்டால்? போனில் 'கண்ணாடிக் கடை' என்று அவளே சொல்லியிருந்தாளே. ஊரில் எத்தனை கண்ணாடிக் கடை இருக்கும்? கைவிரலால் எண்ணினாள், ஐந்துதான்.

ஆறே காலுக்குப் போன் அடித்தது. இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். காவல் நிலையம்.

"வந்தார்," என்றார் எஸ்.ஐ. "விடுதி வாசல்ல நின்னு, 'என் பொண்டாட்டியை வெளிய அனுப்பு'ன்னு வார்டன்கிட்ட சத்தம். எங்க ஆளு ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னாங்க. கோர்ட் உத்தரவை மீறினதுக்குக் கேஸ் போடறோம். எத்தனை நாள் உள்ள இருப்பார்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்மா. ஜாமீன்ல வருவாங்க. ஜாக்கிரதையா இருங்க."

"சரிங்க மேடம்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கார். 'கடைத் தங்கச்சி திருப்பிச் சொல்ல வச்சு சரின்னாளே'ன்னு. அது என்ன?"

கிளி ரிசீவரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆப்பை அசைச்ச குரங்கு," என்றாள் மெதுவாக. இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

அறை வரைக்கும் கிளி துணைக்கு வந்தாள். பெட்டியைப் பிரித்தார்கள். கறுப்பு முக்கோணம், உள்ளங்கை அளவு. கதவுக்கு அடியில் செருகி, விசையை மேலே தள்ளினாள். கிளி வெளியே நின்று, "தள்ளட்டுமாக்கா?" என்றாள்.

"தள்ளு."

அது கத்திய கத்தலில் டிகிரி அக்காவே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதிர் மாடியில் விளக்கு எரிந்தது. பதினான்கு படியையும் நிற்காமல், மூச்சே வாங்காமல் கீழ்வீட்டு அம்மா ஏறி வந்துவிட்டார், கையில் துடைப்பத்தோடு.

"என்ன, என்ன ஆச்சு? யாரு?"

ஆப்பை எடுத்து அணைத்துவிட்டு, டிகிரி அக்கா கதவைத் திறந்தாள். கூட்டறேன் என்று சொல்லலாம், போன் என்று சொல்லலாம், நாக்கு நுனியில் இரண்டு பொய் தயாராக நின்றன. கிளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு ஆளைப் பார்த்துப் பயம்மா," என்றாள் டிகிரி அக்கா. "தினமும் மேஜையை இழுக்கறது அதுக்குத்தான்."

கீழ்வீட்டு அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார், துணி சுற்றிய மேஜைக் காலைப் பார்த்தார், தாழ்ப்பாளின் இரண்டு திருகாணியைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இதைச் சொல்ல மாட்டியா? நாளைக்குத் தச்சரை வரச் சொல்றேன். இது மறுபடி கத்தட்டும், வெறும் துடைப்பத்தோட வரமாட்டேன்."

மறுநாள் காலையில் கிளி ஆள் விவர நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்க அட்ரஸை மாத்தி எழுதிடட்டுமா?"

"தொடாத. அப்படியே இருக்கட்டும்."

"அப்படியே இருக்கட்டும்," என்று நோட்டை மூடினாள்.

போன் அடித்தது. கிளியின் கை ரிசீவர் மேல் போய் நின்றது, எடுக்கவில்லை. பின்னறைச் சக்கரத்தின் சத்தம் அடங்கியது. டிகிரி அக்கா கையில் தண்ணீர் சொட்ட வாசலுக்கு வந்து நின்றாள். இருவரும் பெட்டியில் எண்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்தார்கள், கடைசி எண் வரைக்கும்.

"லென்ஸ் கம்பெனி," என்றாள் கிளி.

"எடு."

கிளி எடுத்தாள், கார்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க சார். ஆமா, ஆக்சிஸ்தான். நூத்தெட்டு, நூத்தெண்பது இல்ல. ஒண்ணு, சைபர், எட்டு. திருப்பிச் சொல்லுங்க."